படித்துப் பார்த்தேன், சரி

மாதேஸ்வரன் செய்த தப்பு ஒரு டிக்கில் ஆரம்பித்தது. பேனாவால் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பர்கூர் காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது, ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள். தெரிந்த மொழிகள் என்று ஒரு இடம். ஒவ்வொரு மொழிக்கு எதிரிலும் பேச, படிக்க, எழுத என்று மூன்று கட்டம். கன்னடத்துக்கு எதிரில் ‘பேச’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். அது நியாயம். கை அதோடு நின்றிருக்கலாம் இல்லையா? நிற்கவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரன் இந்திக்கே மூன்று டிக் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தியில் நாலு சினிமாப் பாட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு இவனும் மூன்றிலும் போட்டான்.

சொந்த ஊர் தளிக்குப் பக்கம். வீட்டில் பேசுவது கன்னடம். அம்மா வெங்கடம்மாள் கொஞ்சுவதும் கன்னடம், திட்டுவதும் கன்னடம். திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை, கேட்கிறவன் காதைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். சந்தைக்குப் போனால் தெலுங்கு. பள்ளிக்கூடம் தமிழ். இப்படி மூன்று பாஷையும் அவன் வாயில் சரளமாகப் புரண்டது. ஆனால் கன்னடத்தில் ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து, படிக்கத் தெரியாது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லைப் பக்கம் பாதிப் பேர் இந்த ரகம்தான். வாய்க்கு ஒரு பாஷை, பேனாவுக்கு ஒரு பாஷை. தெலுங்கு படிக்கத் தெரியாததைப் பற்றி மாதேஸ்வரன் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கன்னடம்தான் அவனுக்கு உறுத்தல். பெற்றவள் பேசுகிற பாஷை. அதில் கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியாத எஞ்சினீயர் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால் கூச்சம் போயிருக்கும். சொல்லாமல் சொல்லாமல் அது அவனோடு கூடவே வளர்ந்தது.

கல்யாணமான புதிதில் மனைவி மணிமேகலையைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். அவள் பர்கூர்ப் பக்கத்து மத்தூர்க்காரி, கன்னடம் துளிகூடத் தெரியாது. வழியெல்லாம் இவன் கண்டக்டரிடமும் பூக்காரியிடமும் கன்னடத்தில் வெளுத்து வாங்க, அவள் கண் விரியப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெருமையில் யாரையும் கேட்காமல், பஸ் முகப்பில் இருந்த பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படித்தவன் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு ஏறினான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியவர்கள் பன்னர்கட்டா மிருகக்காட்சிசாலையில் போய் இறங்கினார்கள். “உனக்கு யானை காட்டலாம்னுதான்” என்றான் கொஞ்சமும் கூசாமல். அவளும் ஒன்றும் கேட்காமல் யானையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இதெல்லாம் சிரிப்புக் கதை. யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்ததுதான் சிரிக்க முடியாதது.

ஓசூர் சிப்காட்டில் அவன் வேலை பார்க்கிற, அன்று படிவம் கொடுத்த அதே கம்பெனி, வண்டிக் கதவுகளுக்கும் கண்ணாடி ஓரங்களுக்கும் ரப்பர் சீல் செய்கிறது. பச்சை ரப்பரை அச்சில் வைத்து, பிரஸ் என்கிற அழுத்து இயந்திரத்தை மூடி, சூட்டில் வேகவைத்து எடுப்பார்கள். வெந்ததா வேகவில்லையா என்பதுதான் அதில் எல்லாம். அரைகுறையாக வெந்த ரப்பர் பார்ப்பதற்கு அசலாகத்தான் இருக்கும், வண்டியில் மாட்டி நாலு வெயில் பார்த்தால் நசுங்கிவிடும். இத்தனை வருஷம் இதையெல்லாம் சூப்பர்வைசர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கம்பெனி புதுசாக ஒரு சாப்ட்வேர் வாங்கி, ஒவ்வொரு பிரஸ்ஸுக்குப் பக்கத்திலும் ஒரு திரை மாட்டியது. எதை எப்போது செய்ய வேண்டும் என்று திரை சொல்லும், ஆள் செய்ய வேண்டும். அந்தத் திரைகளைப் பார்த்துக்கொள்வது மாதேஸ்வரன் பொறுப்பு. அவனுக்கு மேலே அஸ்வின் சார். வயதில் இவனைவிடச் சின்னவர், சென்னைக்காரர், நல்ல மனுஷர்.

முதலில் ஆங்கிலத்தையும் தமிழையும்தான் ஏற்றினார்கள். தமிழ் வந்த அன்று அஸ்வின் சார் பிரஸ் வரிசையில் நின்று, “எல்லாரும் படிக்க முடியுதா?” என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நின்ற சுமலதா மட்டும் கையைத் தூக்கினாள்.

“சார், எனக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், கன்னடத்தில் பத்தாவது படித்தவள். “அதனாலென்ன, கன்னடம் வரவழைச்சிடலாம்” என்றார் அஸ்வின் சார். அவ்வளவுதான் விஷயம், முடிந்துபோனது. பின்னால் நின்றிருந்த மாதேஸ்வரனுக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு சுலபமா இது? ஒரு வாக்கியம், ஒரு சிரிப்பு, தீர்ந்தது!

சுமலதா அவனை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். மற்ற ஆபீஸ்காரர்கள் எல்லாம் அவளுக்கு சார். கேன்டீனில் வியாழக்கிழமை களி போடுகிற அன்று, தட்டை எடுத்துக்கொண்டு இவன் எதிரில் வந்து உட்கார்ந்து, “ஊட்டா ஆயித்தா அண்ணா?” என்று சாப்பாடு ஆனதா விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பாள். இரண்டு பேரும் கன்னடத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். ஒப்பந்த வேலைதான் அவளுக்கு. ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினால் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும். புருஷன் முதுகில் அடிபட்டுப் படுத்தபின் வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்தான். “இன்னும் அஞ்சு மாசம் அண்ணா”, “இன்னும் நாலு மாசம் அண்ணா” என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.

கன்னட ஃபைல் பெங்களூரில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஏஜென்சியிடமிருந்து மெயிலில் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு வரி. இடது பக்கம் எண், வலது பக்கம் வாசகம். எந்த எண்ணுக்கு எந்த வாசகமோ அதைத் திரை காட்டும். இதை சாப்ட்வேரில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அந்த மொழி தெரிந்த ஒருவர் முழுசாகப் படித்துவிட்டு, ஒரு தாளில் ‘படித்துப் பார்த்தேன், சரி’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தமிழுக்கு ஆபீஸ் தமிழ்செல்வி மேடம் போட்டார்கள்.

“கன்னடத்துக்கு நீங்கதான் மாதேஷ்” என்றார் அஸ்வின் சார். “உங்க ஃபைல்லயே இருக்கே, பேச, படிக்க, எழுத. வீட்டுப் பாஷை வேற. உங்களை விட்டா யாரு?”

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் இரண்டு பேர்தான். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். நாக்கு நுனி வரை வந்தது. “பாத்துடறேன் சார்” என்று முழுங்கினான்.

சரி, படிக்கத் தெரியாது. வேறு வழியிலாவது ஒழுங்காகப் பார்த்தானா? முதல் பத்து வரியை எடுத்து செல்போனில் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தான். பத்தும் சரியாக இருந்தது. பத்து சரியென்றால் மிச்சமும் சரிதானே என்று மனசு சொன்னது. சோம்பேறி மனசு எப்போதும் அப்படித்தான் சொல்லும். ஃபைலை ஏற்றிப் பார்த்தான், சாப்ட்வேர் ஏற்கவில்லை. நூற்று எண்பத்தேழாம் எண்ணுக்கு எதிரில் கட்டம் காலி என்றது.

எக்செல்லில் திறந்து பார்த்தான். ஆமாம், நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் சுருள் சுருளாகக் கன்னடம். அந்த ஒரு வரியை மொழிபெயர்க்காமல் விட்டார்களா, இல்லை கைதவறி நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டதா? கீழே இருக்கிற வரியை ஒரு தடவை படித்தால் தெரிந்துவிடும். கன்னடத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை சொல்லிவிடும். இடைவெளிதான் என்று இவனாகவே முடிவு பண்ணிக்கொண்டான். காலிக் கட்டத்தை அழித்தான். கீழே இருந்த வாசகங்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. எண்கள் அங்கங்கேயே இருந்தன. கடைசி எண்ணுக்கு மட்டும் வாசகம் இல்லாமல் போகவே, ‘ஏஜென்சிக்காரன் கடைசி வரியை விட்டுட்டான்’ என்று சொல்லிக்கொண்டு, ஆங்கில வாசகத்தையே அங்கே ஒட்டினான்.

மறுபடி ஏற்றினான். 312 வாசகங்கள் ஏற்றப்பட்டன, பிழைகள் 0 என்று பச்சையில் வந்தது. சாப்ட்வேருக்கு எண்ணத்தான் தெரியும், அது மட்டும் கன்னடம் படித்ததா என்ன? தாளில் கையெழுத்துப் போட்டான். ம-வில் தொடங்கி நீளமாக ஒரு கோடு இழுத்து முடிகிற கையெழுத்து, அன்று கோடு கொஞ்சம் அதிகமாகவே நீண்டது.

கன்னடத் திரையைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் பேக்கிங்கில். அவர்களுக்கு வருகிற வாசகங்கள் எல்லாம் முதல் நூறுக்குள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிரஸ்ஸில் இருந்தவள் சுமலதா மட்டும். இருநூற்று ஒன்றாம் வாசகம், ‘ரப்பர் இன்னும் வேகவில்லை, திறக்க வேண்டாம், காத்திருக்கவும்’ என்று சொல்ல வேண்டியது. இருநூற்று இரண்டு, ‘வெந்துவிட்டது, திறந்து எடுக்கவும்’. அதற்கடுத்தது, ‘அச்சைத் துடைக்கவும்’. எல்லாம் ஒரு படி ஏறிவிட்டதால், காத்திருக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் திறக்கச் சொன்னது. திறக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் துடைக்கச் சொன்னது. திற, எடு, துடை என்று வரிசை ஒழுங்காக இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வர இடமே இல்லை. புது அச்சு வேறு, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கைக்குப் பழகியிருக்கவில்லை. திரை சொன்னதை அவள் அப்படியே செய்தாள்.

மூன்று வாரம் கழித்து, சீல் வாங்குகிற பெங்களூர் வண்டிக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. சீல் எல்லாம் நசுங்குகிறது என்று புகார். பெட்டி மேலிருந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால், எல்லாம் நாலாம் நம்பர் பிரஸ், எல்லாம் சுமலதா கை. சூப்பர்வைசர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் பேச்சில் ஊர் தானாக ஏறிவிடும்.

“நான் என்ன சொல்லுதேன்னா, அத்தனை பிரஸ்லயும் அதே அச்சுதான் ஓடுது. எவனுக்கும் வேகாமப் போகல. இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படிப் போகும்? ஏம்மா, சீக்கிரம் திறந்தா கணக்கு கூட வரும்னு திறந்தியா?”

“இல்ல சார். திரை திறக்கச் சொல்லுச்சு, திறந்தேன்.”

“திரை உனக்கு மட்டும் தனியாச் சொல்லுமாக்கும்?”

அஸ்வின் சாரையும் மாதேஸ்வரனையும் பிரஸ்ஸுக்கே வரவழைத்தார்கள். அஸ்வின் சார் நியாயமான ஆள். அந்தப் பெண் சொல்வதைச் சோதித்துவிடலாம் என்று பிரஸ்ஸை ஒரு தடவை ஓட்டச் சொன்னார். பாதி நேரத்தில் திரையில் கன்னட வாசகம் வந்தது. மூலையில் சின்னதாக 201.

“மாதேஷ், என்ன போட்டிருக்கு? படிங்க.”

மாதேஸ்வரன் திரைக்கு முன்னால் போய் நின்றான். மூன்று பேரும் அவன் முகத்தையே பார்க்கிறார்கள். பிரஸ் பகுதியில் செல்போனுக்கு அனுமதி இல்லை, கையில் அதுவும் கிடையாது. கண்ணெதிரே சுருள் சுருளாக மூன்று வார்த்தை. மூலையில் இருந்த எண் மட்டும் அவனுக்குப் புரிந்தது. இருநூற்று ஒன்றுக்கு ஆங்கிலத்தில் என்ன வாசகம் என்பது அவனுக்கு மனப்பாடம். திரையில் கண்ணை ஓட்டுகிற மாதிரி ஓட்டி, முதலில் கன்னடத்தில் சொல்லி, பிறகு தமிழிலும் சொன்னான்.

“ரப்பர் இன்னும் வேகலை, திறக்க வேண்டாம், காத்திருக்கவும்னு போட்டிருக்கு சார்.”

சுமலதா திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அண்ணா, சரியாகி ஓதி” என்றாள். சரியாகப் படியுங்கள் அண்ணா. கெஞ்சுகிற குரல்கூட இல்லை அது. வீட்டு மனுஷனிடம் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? பாவி, சொல்லவில்லை. திரும்பவும் அதையே, கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

“அப்புறம் என்ன? அவரு வீட்டுப் பாஷை, அவருக்குத் தெரியாதா?” என்றார் சுடலைமுத்து. சுமலதா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாமென்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். ஆறு மாசம் முடிய இருபது நாள் இருந்தது.

தன் மேசைக்குத் திரும்பியதும் மாதேஸ்வரன் முதல் வேலையாக ஃபைலைத் திறந்து, இருநூற்று ஒன்றாம் வரியை எடுத்து மொழிபெயர்ப்பில் போட்டான். ‘வெந்துவிட்டது. திறந்து எடுக்கவும்.’ நூற்று எண்பத்தாறைப் போட்டான், சரி. எண்பத்தேழைப் போட்டான், தப்பு. எண்பத்தெட்டும் தப்பு. அங்கிருந்து அடி வரைக்கும் ஒரு வரிகூடத் தன் இடத்தில் இல்லை. அவள் சரியாகப் படித்திருக்கிறாள். படித்தபடி சரியாகச் செய்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவன் வந்து, படிக்கத் தெரிந்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

உடனே எழுந்து போய் அஸ்வின் சார் கதவைத் தட்டினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. காலிக் கட்டத்தை இருந்த இடத்திலேயே திரும்பத் திறந்தான். வாசகங்களை ஒரு படி கீழே இறக்கினான். விட்டுப்போன அந்த ஒரு வரியைச் செல்போனில் மொழிபெயர்த்து எடுத்து ஒட்டினான். சத்தமில்லாமல் மறுபடி ஏற்றினான். 312 வாசகங்கள், பிழைகள் 0. இனி யார் போய் எந்தத் திரையைப் பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். பத்து நிமிஷத்தில் தடயத்தைத் துடைத்துவிட்டான். வேலையில் கெட்டிக்காரன் என்று அவனுக்கு எப்போதுமே பேர்.

வியாழக்கிழமை வந்தது. கேன்டீனில் களி. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு வாய் உருட்டினான், இறங்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். கை கழுவுகிற இடத்தில் கண்ணாடி இருந்தது, அதை நிமிர்ந்து பார்க்காமலே கழுவினான். பேக்கிங்கில் இருக்கிற கன்னடப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாக வந்தார்கள். அவர்கள் ஏதாவது கன்னடத்தில் கேட்டுவிடுவார்களோ என்று கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனான். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால்கூட இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டான். தாய் பாஷையைக் கேட்டாலே உடம்பு கூசியது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மத்தூரிலிருந்து மாமனார் அனுப்பியிருந்த மாம்பழத்தை மணிமேகலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க ஆச்சு உங்களுக்கு? நாலு நாளா ஒழுங்கா சோறு எறங்கல. ஆபீஸ்ல எதனா பிரச்சினையா?”

சொன்னான். ஏனோ அன்று வந்துவிட்டது. டிக்கிலிருந்து ஆரம்பித்து, காலிக் கட்டம், திரை, ‘சரியாகி ஓதி’ வரைக்கும் எல்லாவற்றையும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பன்னர்கட்டா கதையையும் சேர்த்துத்தான்.

“உங்களுக்குக் கன்னடம் படிக்க வராதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள் மணிமேகலை. “யானை பாக்க வந்த மூஞ்சியா அது? கூச்சப்படறீங்க, போகட்டும்னு வுட்டேன். அது நம்ம ரெண்டு பேரோட போச்சு. இது அப்படியா? அந்தப் பொண்ணு இப்ப எங்கங்க?”

“வீட்ல.”

“உங்க கௌரவம் வேலைக்குப் போவுது, அந்தப் பொண்ணு வீட்ல குந்திகினு இருக்குது. நல்லா இருக்குதுங்க நாயம்!”

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

திங்கட்கிழமை காலை அஸ்வின் சார் அறைக்குப் போனான். பழைய ஃபைலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தான். சுடலைமுத்துவும் அங்கே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று ஒரு நிமிஷம் கதவோரம் நின்றான். பிறகு, அவரும் கேட்க வேண்டியதுதானே என்று உள்ளே போனான்.

“சார், எனக்குக் கன்னடம் பேச வரும். படிக்க வராது.”

பன்னிரண்டு வருஷம் மூடி வைத்த வாக்கியம். சொல்ல ஐந்து நொடிகூட ஆகவில்லை. மிச்சத்தையும் சொன்னான், கையெழுத்தை, காலிக் கட்டத்தை, பிரஸ்ஸுக்கு முன்னால் படிக்காமலே படித்ததை, அன்றைக்கே சத்தமில்லாமல் மாற்றி ஏற்றியதை. அஸ்வின் சார் கத்துவார், அடிக்கிற மாதிரி பார்ப்பார் என்று எதிர்பார்த்து நின்றான். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

“படிக்க வராதுன்னா வராதுன்னு சொல்ல வேண்டியதுதான மாதேஷ்? அந்தப் பொண்ணையே அரை மணி நேரம் உக்கார வச்சுப் படிக்கச் சொல்லியிருப்பேனே. இதுல என்ன இருக்கு?”

அந்த ‘இதுல என்ன இருக்கு’தான் அவனைக் கொன்றது. பெரிய மலை என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தது, கடைசியில் பார்த்தால் ஒரு கூழாங்கல். அதற்குப் போய் ஒருத்தியின் வேலையைக் காவு கொடுத்திருக்கிறான். “நானும் அந்தப் பிள்ளைய என்னென்னமோ பேசிட்டேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுடலைமுத்து வெளியே போனார்.

மாதேஸ்வரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான். சுமலதாவைத் திரும்ப வரச் சொல்லி ஆள் போனது. புதன்கிழமை வந்தாள். அஸ்வின் சார் தன் அறையில் மாதேஸ்வரனையும் வைத்துக்கொண்டு, அவளிடம் கம்பெனி சார்பாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனதால் ஆறு மாசக் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான் ஓடும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறாராம். பேசிப் பார்க்கிறேன் என்றார். அவள் சரி சார் என்றாள்.

“ஏம்மா, தப்பாப் படிக்கிறார்னு அன்னைக்கே நீ அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?” என்று அவர் கேட்டார்.

“திரையில மூணு வார்த்தைதான் சார் இருந்துச்சு. இவங்க அஞ்சாறு வார்த்தை படிச்சாங்க. இவங்களுக்குப் படிக்க வராதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “இவங்களே சொல்லிடுவாங்கன்னு பாத்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அவன் பக்கம் திரும்பாமல், அஸ்வின் சாரிடம்தான் சொன்னாள். மாதேஸ்வரனுக்கு அந்த அறையில் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

அன்றைக்கே கன்னட ஃபைலை முழுசாகச் சரிபார்த்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. படிக்கிறவள் சுமலதா, பக்கத்தில் இருந்து ஆங்கிலத் தாளோடு ஒப்பிடுகிறவன் மாதேஸ்வரன். இரண்டு நாற்காலி போட்டு அவன் மேசையிலேயே உட்கார வைத்தார்கள். அவள் எண்ணைச் சொல்லி, வாசகத்தைக் கன்னடத்தில் படித்து, விரலை அடுத்த வரிக்கு நகர்த்துவாள். அவன் காதால் கேட்டு, தாளில் ஒரு புள்ளி வைப்பான். படிக்கிற குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அவன் அம்மா பேசுகிற அதே வார்த்தைகள், அவள் விரலுக்குக் கீழே வரிசையாக எழுத்தில் இருந்தன. நூற்று எண்பத்தேழு வந்தபோது, அவன் செல்போனிலிருந்து ஒட்டிய வரியில் நின்றாள். பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்து, மேலே வேறு எழுதினாள். என்ன என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இருநூற்று ஒன்றை மற்ற வரிகள் மாதிரியே படித்துவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும், இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டே இருந்தான். கன்னடத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தான். கடைசி வரி முடிந்ததும் அவள் சரிபார்ப்புத் தாளை இழுத்து, ‘படித்துப் பார்த்தேன், சரி’ என்று தமிழில் அச்சடித்திருந்த வரிக்கு மேலே விரலை வைத்து, “கையெழுத்து இங்கதான?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். கீழே கன்னடத்தில் தன் பெயரை எழுதினாள். அதுவும் அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

“சுமலதா...” என்று கன்னடத்தில் ஆரம்பித்தான்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தாளை இரண்டு கையாலும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“முன்னூத்திப் பன்னெண்டும் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்குது” என்றாள் தமிழில். “நான் பிரஸ்ஸுக்குப் போகட்டுமா, சார்?”